சேலத்தில் அரசு அலுவலகங்களுக்கு அலைகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அம்மாபேட்டையில் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கத்தில் யாருக்காவது சான்றிதழ், பட்டா, வரி என்று வேலை இருந்தால் மனு எழுதிக் கொடுப்பேன், தேவைப்பட்டால் கூடவே போவேன். காசு வாங்குவதில்லை. ஏற்காட்டில் சொந்தக்காரர்கள் இருப்பதால் மலை மேலே உள்ள அலுவலகங்களும் ஓரளவு பழக்கம். எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு அலுவலகத்தின் சேவை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

எனக்கு ஒரே கணக்குதான். ஒரு வேலைக்கு எத்தனை தடவை வர வைத்தார்கள்? கட்டிடம் புதிதா, டோக்கன் மெஷின் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சிரித்துப் பேசி ஐந்து தடவை அலைய விட்டவரைவிட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முதல் நாளில் "இந்த மூணு பேப்பர் இல்ல, கொண்டு வாங்க" என்று சொன்னவர்தான் நமக்கு நல்லது செய்தவர். தாலுகா ஆபீசுக்கு ஒரு தடவை போய் வருவது என்றால் கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுகிறவருக்கு அரை நாள் கூலி போச்சு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறவருக்கும் அப்படித்தான், ஏற்காட்டு எஸ்டேட்டில் இருந்து இறங்கி வருகிறவருக்கோ முழு நாளும் போய்விடும். அரசாங்கக் கட்டணம் அறுபது ரூபாய் என்றால் நம்முடைய செலவு அறுநூறைத் தாண்டுவது இப்படித்தான், அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம்? மாறி மாறிப் போகச் சொல்கிறார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நகரத்துக்குள் பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சி. 60 வார்டுகள், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலங்கள், உங்கள் மண்டல அலுவலகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். வருமானம், சாதி, இருப்பிடம், வாரிசு, பட்டா இவையெல்லாம் வருவாய்த் துறை, அதாவது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும் வரிசை. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகம். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலர்.

இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வீடு வாங்கிப் பத்திரம் முடித்து, சொத்து வரி ரசீதிலும் பெயர் மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டா தனி. வரி ரசீதில் உங்கள் பெயர் இருக்கும், பட்டாவில் விற்றவருடைய தாத்தா பெயர் இருக்கும், இருபது வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு பேங்க் லோன் கேட்கும்போதுதான் அது தெரியவரும். பத்திரம் முடிந்த மாதமே மூன்று இடத்திலும் பெயரைச் சரி பாருங்கள்.

கவுண்டரில் இருப்பவர்கள் ஏன் அப்படி எரிந்து விழுகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போனால் நம் வேலையும் நடக்காது.

முதல் காரணம் பயம். ஒரு கையெழுத்துப் போட்டு அதில் பின்னால் தப்பு வந்தால் 17-பி சார்ஜ் மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை வரும், பதவி உயர்வு நிற்கும். கையெழுத்துப் போடாமல் மூன்று மாதம் மேசையில் வைத்திருந்தால்? பெரும்பாலும் ஒன்றும் வராது. யோசித்துப் பாருங்கள், செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் பாதுகாப்பு என்று ஒரு வேலை இருந்தால் நல்ல மனிதர்கூட நாளாக நாளாகச் செய்யாமல் இருக்கத்தான் பழகுவார். அதனால்தான் விதியில் கேட்காத பேப்பரை எல்லாம் கேட்கிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள், உங்கள் மேல் சந்தேகம் என்று இல்லை.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. ஒரு வி.ஏ.ஓ. பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார் என்றால் வாரத்தில் பாதி நாள் உங்கள் ஊர் அலுவலகம் பூட்டித்தான் இருக்கும். அதோடு ஜமாபந்தி (வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை), தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல், வெள்ளக் கணக்கு, அமைச்சர் வருகை, முகாம், தினமும் ஆன்லைன் ரிப்போர்ட், ரிவ்யூ மீட்டிங். "ஐயா கேம்ப் போயிருக்காரு" என்பது பல நேரம் உண்மைதான்.

மூன்றாவது காரணத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். ஆளைப் பார்த்து நடத்துவது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனால் "உட்காருங்க சார்". கட்சிக்காரர் கூட வந்தால் டீ. அழுக்கு வேட்டியோடு வந்த பெரியவருக்கு "என்னய்யா, அப்படி ஓரமா நில்லு". அவருக்கு அறுபத்தெட்டு வயது, அதட்டுகிறவருக்கு முப்பது. ஆள் பற்றாக்குறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? "வாங்க, உட்காருங்க, என்ன வேணும்" என்று சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை.

"அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு ஒரு ஆவணத்தில் அவர் பெயரில் ஒரு "ச்" கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு எழுத்து. திருத்தம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை போனேன். முதல் தடவை சம்பந்தப்பட்டவர் லீவு, அடுத்த தடவை ஆதார் நகல், அப்புறம் பள்ளிச் சான்றிதழ் (அப்பா பள்ளிக்கூடம் போனதே மூன்றாம் வகுப்பு வரைதான்), அப்புறம் சர்வர் வேலை செய்யவில்லை, ஐந்தாவது தடவை போனபோது ஆள் மாறியிருந்தார், "பழைய பேப்பர் எதுவும் இங்க இல்லீங்களே" என்றார். அன்றைக்கு வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவின் பெயரையே அவர் செத்த பிறகு நான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அதுவரை நான் செய்த தப்பு என்னவென்றால் எல்லாவற்றையும் வாயால் கேட்டேன். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அந்தப் பதிலுக்கு யாரும் பொறுப்பு இல்லை. ஆறாவது தடவை இரண்டு பிரதி மனு எழுதி, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கினேன். ஏழாவது தடவை போனபோது திருத்திய தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு அல்லது பதில் என்று அரசாணையே இருக்கிறது. முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், வெளியே வந்து அதே மனுவை ஒப்புதல் அட்டையோடு தபாலில் அனுப்புங்கள், அந்த அட்டை முத்திரைக்குச் சமம்.

இ-சேவை மையத்தில் போட்ட விண்ணப்பம் "ரிட்டர்ன்" என்று வருகிறது. ஏன்?

வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு மையத்தில் 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தார் அளவுக்குப் போய் டிஜிட்டல் கையெழுத்தாகி வரும். ரிட்டர்ன் என்றால் ஏதோ குறை, சரிசெய்து திரும்ப அனுப்பலாம். ரிஜெக்ட் என்றால் மறுபடி முதலில் இருந்து.

பெரும்பாலும் மூன்று காரணம்தான். ஸ்கேன் மங்கல். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் அல்லது முகவரி வேறு வேறு. பழைய சான்றை இணைக்காமல் விட்டது. இதைவிட முக்கியம், விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், சில மையங்களில் அவர்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள், குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும், நீங்கள் இருபது நாள் சும்மா காத்திருப்பீர்கள். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், கல்லூரி சேரும் ஜூன் மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டு நெரிசல் ஆகும், ஏப்ரலிலேயே போட்டு வைப்பது நல்லது.

பட்டா மாறுதல் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

முழு சர்வே எண்ணும் அப்படியே ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் போனால் அது சுலபம், அளக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு சர்வேயர் நேரில் வந்து அளந்து வரைபடம் போட வேண்டும், அங்கேதான் தங்கிவிடுகிறது. அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் இருந்தால் பின்னால் ஆட்சேபணை வராது, அதனால் நீங்களே முன்கூட்டிப் பேசி அவரையும் வரச் சொல்லுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் போன்ற நில ஆவணங்கள் எல்லாம் இப்போது "எங்கிருந்தும் எந்நேரமும்" என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தப்பு இருந்தால் ஜமாபந்தியில் மனு கொடுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும், அதற்கு முன்னால் தாலுகாவில் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் ஜமாபந்தி, கணக்குப் புத்தகமும் உயர் அதிகாரியும் ஒரே மேசையில் இருக்கும் அரிய நாள் அது.

ஒரு பழைய விஷயம். விவசாயியின் பெயரிலேயே நேரடியாக வரி போடும் ரயத்துவாரி முறை வளர்ந்ததே நம்ம பக்கத்தில்தான். 1792-ல் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனதும் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோ 1799 வரை இருந்தார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் தங்கி நிலத்தை அளந்தார்கள். வரி வசூலுக்காகத்தான் செய்தார்கள், நம் மேல் அன்பினால் இல்லை, ஆனால் அதிகாரி ஊருக்குப் போனார். பரம்பரையாக வந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. முறையைக் கொண்டுவந்தார்கள். வி.ஏ.ஓ. தன் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு, இதுதான் என் மனசை ரொம்ப உறுத்துகிற விஷயம். ஏற்காடு தனித் தாலுகா, தனி ஊராட்சி ஒன்றியம், அதில் 9 ஊராட்சிகள். காகிதத்தில் எல்லா அலுவலகமும் மேலேயே இருக்கிறது. ஆனால் சேர்வராயன் மலையில் பெரும்பான்மையாக இருக்கும் மலையாளி பழங்குடியினருக்கு (கேரள மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு, வெளியூர் அலுவலகங்களில் இந்தக் குழப்பத்தாலேயே பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்) எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 நவம்பர் 11-க்குப் பிறகு அதை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப்-கலெக்டர்தான் தர வேண்டும். போலிச் சான்றைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, காரணம் நியாயமானது. ஆனால் அந்த அலுவலகம் கீழே சேலத்தில்.

மாரமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்து வருகிறவரை நினைத்துப் பாருங்கள். காலையில் இருக்கிற பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அலுவலகத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. "அப்பாவோட சான்றிதழ் எங்க?" என்று கேட்பார்கள். அப்பா சான்றிதழே எடுத்திருக்க மாட்டார், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த மனிதருக்கு அது எதற்குத் தேவைப்பட்டது? கடைசி பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். குடும்பத்தில் அண்ணன், சித்தப்பா, அத்தை என்று இரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே கொடுத்த சான்று இருந்தால் அதன் நகல், உறவைக் காட்டும் பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். கள விசாரணைக்கு எந்தத் தேதியில் வருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், வருகிற அன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

மேலே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்காடு உட்பட்டது, ஊராட்சி ஒப்புதல் மட்டும் வைத்துக்கொண்டு கடைக்கால் தோண்டாதீர்கள்.

ஊராட்சித் தலைவரே இல்லையே, யாரிடம் கேட்பது?

2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன் பின் சேலம் உட்பட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத ஊரில் மனுவைத் தனி அலுவலருக்கு, அதாவது ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பெயருக்கு எழுதுங்கள், ஊராட்சிச் செயலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தலைவர் இருந்தால் வீட்டுக் கதவைத் தட்டலாம், அலுவலர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, அதுதான் வித்தியாசம். கிராமசபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கோ குடிநீரோ, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல்வரின் உதவி எண் 1100-க்கும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கும் பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கலெக்டரிடமோ முதல்வரின் முகவரிக்கோ கொடுத்தாலும் அந்த மனு சுற்றி, நீங்கள் யாரைப் பற்றிப் புகார் சொன்னீர்களோ அந்த அலுவலகத்துக்கேதான் அறிக்கைக்கு வரும். அவர்களுக்கு மேலே இருந்து வரும் கேள்வி "எத்தனை மனு நிலுவை?" என்பது. அதனால் மனுவை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும், பிரச்சினையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் இருக்காது. "மனு ஏற்கப்பட்டு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று ஒரு செய்தி வந்து மனு முடிந்ததாகக் காட்டும்.

அப்படி வந்தால் விட்டுவிடாதீர்கள். அந்த மனு எண்ணையே குறிப்பிட்டு, "இன்ன தேதியில் முடிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது, சாக்கடை இன்றும் இப்படித்தான் இருக்கிறது" என்று போட்டோவோடு மறுபடி போடுங்கள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும். நாலைந்தைச் சேர்த்து எழுதினால் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லி மொத்தத்தையும் மூடிவிடுவார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

கோபிக்கலாம். ஆனால் அதற்கப்புறம் உங்கள் கோப்பை யாரும் தொலைக்க மாட்டார்கள். 2005-ஆம் வருடச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்பினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு, இன்றுவரை எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் தருக" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள், அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் அலுவலரின் சொந்தப் பணத்தில் இருந்து. நான் பார்த்த பெரும்பாலான கேஸ்களில் ஆணையம் வரை போகவே இல்லை, விண்ணப்பம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே போன் வந்துவிட்டது.

"கொஞ்சம் கவனிக்கணும்" என்கிறார்கள். கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்காதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தியதால் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட வேண்டும், அப்போது உங்கள் மேல் குற்றம் வராது. லஞ்ச ஒழிப்புத் துறை எண் 1064. கொடுக்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. இன்னொன்றையும் மனசில் வையுங்கள், நீங்கள் ஆயிரம் கொடுத்து ஒரு நாளில் வாங்கினால் உங்களுக்கு முன்னால் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு கிழவியின் பேப்பர்தான் கீழே போகிறது.

தாமதம் செய்தால் அபராதம் என்று சேவைக்கே ஒரு சட்டம் இல்லையா?

மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது, குறித்த நாளில் சான்றிதழ் தராவிட்டால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் அபராதம், அது மனுதாரருக்கே இழப்பீடாகப் போகலாம். கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் இருக்கிறது, கேரளத்திலும் 2012-ல் வந்தது. மூன்று மாநிலத்துக்காரர்களும் இதைப் பற்றிப் பேசும்போது நமக்கு மட்டும் குடிமக்கள் சாசனப் பலகையும் (எந்தச் சேவை எத்தனை நாளில் என்று எழுதி மாட்டியிருப்பது) முகாம்களும்தான். 2025-ல் நடந்த முகாம்களில் 45 நாளில் தீர்வு என்று சொன்னார்கள், நல்லதுதான், ஆனால் முகாம் முடிந்த மறுநாள் வருகிறவருக்கு என்ன உத்தரவாதம்? செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை வந்தால்தான் நான் மேலே சொன்ன அந்தப் பயம் சரியான பக்கம் திரும்பும்.

நல்ல அதிகாரிகளே இல்லையா?

இருக்கிறார்கள். மலையில் ஒரு அலுவலர் மழைக்காலத்தில் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பைக்கில் ஊருக்கே வந்து, பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பதினெட்டுப் பிள்ளைகளின் பேப்பரைச் சரிபார்த்துவிட்டுப் போனதை நான் நேரில் பார்த்தேன். யாரும் அவரை அனுப்பவில்லை. அவரைப் பாராட்டி நாங்கள் எழுதிய கடிதத்தையும் ஒப்புதல் அட்டையோடுதான் மேலதிகாரிக்கு அனுப்பினோம். புகார் மட்டும் எழுதாதீர்கள், இதையும் எழுதுங்கள், அது அவருடைய கோப்பில் இருக்கட்டும்.

எனக்கு எழுத வராது. மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், "தாழ்மையுடன் காலில் விழுந்து" என்றெல்லாம் வேண்டாம். அனுப்புநர், பெறுநர், தேதி, போன் நம்பர். "ஐயா அல்லது அம்மா, நான் இன்ன வார்டில் இன்ன தெருவில் குடியிருக்கிறேன். இன்ன தேதியில் இன்ன எண்ணில் விண்ணப்பித்தேன். இன்ன இன்ன தேதிகளில் நேரில் வந்தேன். இன்றுவரை கிடைக்கவில்லை. இன்னும் என்ன ஆவணம் தேவை என்பதை ஒரே தடவையில் எழுத்தில் தெரிவிக்கவும், அல்லது சான்றிதழை வழங்கவும்." இவ்வளவுதான். நேரில் வந்த தேதிகளை விடாமல் எழுதுங்கள், பஸ் டிக்கெட் இருந்தால் அதையும் ஒட்டுங்கள். கையெழுத்து வராவிட்டால் இடது கைப் பெருவிரல் ரேகை, பக்கத்தில் எழுதிக் கொடுத்தவரின் பெயர். இரண்டு பிரதி.